எந்த நாட்டுக்கு எங்கே வலிக்கும்?



கொச்சியில் எர்ணாகுளம் பிராட்வே நெருக்கமான கடைத்தெரு. பலத்த மழை பெய்தால் இந்தப் பகுதியில் தண்ணீர் தேங்கிவிடும். மழைநீர் கால்வாய் வழியாகக் காயலுக்கு ஓட வேண்டும். அந்த நேரம் பார்த்து கடலில் ஓதம் ஏறினால் காயலும் உயர்ந்துவிடும். கால்வாய்த் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தெருவில் நிற்கும். கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளை மேலே தூக்கி வைக்க வேண்டியதுதான்! 1900-க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. அதனால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே ஒரு 'டச்சு அரண்மனை' உண்டு. 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர்களின் பிடியில் இருந்தது. அவர்களுடைய சொந்த நாடான நெதர்லாந்தில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது!

அப்படியானால் காலநிலை மாறும்போது அதிகம் அடிபடுவது நெதர்லாந்தா, இந்தியாவா? அவசரப்படாதீர்கள். விஞ்ஞானிகள் மூன்று கேள்விகள் கேட்பார்கள். அடி எவ்வளவு பலமாக விழும்? விழுந்தால் எங்கே வலிக்கும்? எழுந்து நிற்கத் தெம்பு இருக்கிறதா?

1953-இல் கடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் பெரும் செலவில் அணைகள் கட்டினார்கள். ராட்டர்டாம் அருகே, கடல் பொங்கும்போது மூடிக்கொள்ளும் மாபெரும் கதவுகள்கூட உண்டு. தெம்பில் அவர்கள் பலசாலிகள்.

இந்தியாவின் வலி வேறு இடத்தில். நம் நாட்டின் மழையில் முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டுகிறது. உழைப்பவர்களில் நூற்றுக்கு 45 பேர் அளவுக்கு வேளாண்மையை நம்பியவர்கள். நெதர்லாந்தில் நூற்றுக்கு இரண்டு பேர்தான்! மழை பொய்த்தால் இங்கே கோடிக்கணக்கான வீடுகளில் வருமானம் போகும். அளவுமீறிக் கொட்டினாலும் ஆபத்து. 2018 வெள்ளத்தில் கேரளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நெதர்லாந்துக்கு வலியே இல்லையா? இருக்கிறது! 2003 ஆகஸ்டில், வறண்ட கோடையில், வில்னிஸ் என்ற ஊரின் கால்வாய்க் கரை உடைந்து வீதிகளில் தண்ணீர் புகுந்தது. மழையில்லாமல் வெள்ளம்! அந்தக் கரை பீட் மண்ணாலானது. செடிகொடிகள் முழுதாக மக்காமல் சேர்ந்த மண் அது. ஈரமாக இருந்தால்தான் அதற்குக் கனம். காய்ந்து எடை குறைந்ததும், கால்வாய்த் தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது.

நீங்களே சோதிக்கலாம். ஒரே அளவில் இரண்டு பஞ்சுத் துண்டுகளை, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு போதும், மேசையில் வையுங்கள். ஒன்றை நனைத்துவிட்டு இரண்டையும் ஊதிப் பாருங்கள். எது நகர்கிறது?

ஆக, ஒரு நாடு எதை நம்பி வாழ்கிறதோ, அங்கேதான் அதற்கு வலிக்கும். நெதர்லாந்து கரைகளை நம்புகிறது. இந்தியா பருவமழையை நம்புகிறது. மருந்தை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். கரையை உயர்த்திக்கொண்டே போகாமல் ஆறு பரவ இடம் விடுவது டச்சுக்காரர்களின் யோசனை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளமும் அதைக் கையில் எடுத்தது.

உங்கள் ஊர் எதை நம்பி இருக்கிறது? ஏரியா, கடலா, ஆற்றுக்கரையா? தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அது கைவிட்ட வருடம் அவர்களுக்கு நிச்சயம் நினைவிருக்கும்!