கூப்பர் பீடியில் ‘புதையல்’ தேடுவோர் கைப்பேசியை மட்டும் நம்பக்கூடாது

அடிலெய்டு நகருக்கு வடக்கே சுமார் 850 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் உள்ளது கூப்பர் பீடி. 1915இல் அங்கு ஓப்பல் கல் கண்டெடுக்கப்பட்டது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் பலர் குன்றைக் குடைந்து வீடு அமைத்துள்ளனர். படுக்கையறை, சமையலறை எல்லாம் பாறைக்குள்தான். வெளியே கொளுத்தினாலும் உள்ளே ஏறக்குறைய 24 டிகிரிதான்.

இவ்வீடுகளைப் பார்க்க வருவோரில் சிலர் ஜியோகேச்சிங் விளையாட்டிலும் இறங்குவர். ஒருவர் சிறு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் இருப்பிட எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையுடன் தேடிப்பிடித்து, உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதி, மீண்டும் அங்கேயே வைப்பர். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வந்ததை அமெரிக்கா 2000 மே 2இல் நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் முதல் டப்பா வைக்கப்பட்டது.

இருந்தும் கைப்பேசி சில மீட்டர் பிசகும். பூங்காவில் தேடும்போது அது பெரிதல்ல. கூப்பர் பீடிக்கு வெளியே, ஓப்பல் தோண்டிய நிலங்களில், அந்தச் சில மீட்டருக்குள் மூடப்படாத சுரங்கக் குழி இருக்கலாம். வாய் குறுகலாக இருப்பதால் அருகில் போனால்தான் தெரியும். ஓடாதீர், பின்னோக்கி நடக்காதீர் என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள்தான் இப்படிப் பின்னால் நகர்வார்கள்!

டப்பாவை மண்ணில் புதைக்கக்கூடாது என்பது விளையாட்டின் விதி. எனவே தோண்டிப் பார்க்கும் வேலையே இல்லை. இலக்கு நெருங்கியதும் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துத் தேடலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்நிலங்களுக்குள் செல்லாமல், ஊருக்குள் இருப்பதைத் தேடினாலே போதும்.