பர்மாவின் முதல் திரைமுகம்

ரங்கூன் என்றதும் தேக்கும் அரிசியும் செட்டிமாரின் வட்டிக்கடைகளுமே நம்மவர் நினைவில் எழும். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் தமிழரும் பெருந்தொகையினர். 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் கதையிலும் மூன்று சகோதரர்கள் அங்குதான் வாழ்கிறார்கள். ஆயினும் இன்று யாங்கூன் எனப்படும் அந்நகரில் பர்மியர் தமக்கென ஒரு திரையுலகை உருவாக்கிய வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றின் முதல் முகம், 1900ஆம் ஆண்டு பிறந்த ஊ நியீ பு.

அவரைத் திரைக்குக் கொணர்ந்தவர் ஓன் மவுங் என்னும் புகைப்படக் கலைஞர். பர்மாவின் உரிமைக்காக இலண்டன் சென்று வாதாடிய துன் ஷெயின் என்ற அரசியல்வாதி மறைந்தபோது, அவரது இறுதி ஊர்வலத்தை ஓன் மவுங் படம்பிடித்துக் காட்டினார். படத்தின் தரம் மிகக் குறைவு. எனினும் மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். ஒரு நாட்டின் திரைப்படக் கலை அந்நிய ஆட்சியை எதிர்த்த ஒருவரின் சாவு வீட்டில் தொடங்கியதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

அடுத்து வந்தது கதைப்படம். 1920 ஒக்டோபர் 13ஆம் நாள் திரையிடப்பட்ட அதன் பெயர் 'மெத்தா நின் துயா'. அன்பும் மதுவும் என்பது பொருள். இரு சொற்களும் பாளி மொழியிலிருந்து சென்றவை. 'துயா' என்பது நாம் 'சுராபானம்' என்கிறோமே, அந்தச் சுராவேதான். குடியாலும் சூதாலும் கெட்டழியும் மனிதனாக நியீ பு நடித்தார். முன்மாதிரியாகக் கொள்ள அவருக்கு முன்னே ஒரு பர்மிய நடிகரும் இருந்ததில்லை. படப்பெட்டியோ நின்ற இடத்தைவிட்டு அசையாது. இத்தனை குறைகளுடனும் படம் வெற்றி பெற்றது. மியன்மாரில் அந்த நாளே திரைப்பட நாளாக நினைவுகூரப்படுகிறது.

நடிப்போடு அவர் நின்றுவிடவில்லை. சகோதரர்களுடன் சேர்ந்து 'ஏ ஒன்' என்ற படநிறுவனத்தை வளர்த்தார், இயக்குநராகவும் ஆனார். 1932இல் முதல் பர்மியப் பேசும்படம் பம்பாயில் தயாரானது. அதற்கு முந்தைய ஆண்டு நமது 'காளிதாஸ்' பிறந்ததும் அதே பம்பாயில்தான். குரலுக்காக இரு மொழியினரும் ஒரே நகரை நாட வேண்டியிருந்த காலம் அது. நியீ பு கிழக்கே சென்றார். 1935இல் தோக்கியோவில் 'ஜப்பானின் மகள்' என்று பொருள்படும் படத்தை இயக்கினார். ரங்கூனையும் தோக்கியோவையும் இணைக்கும் விமானப் பயணம் அதன் கதை.

இவ்விடத்தில் மனம் சற்றே தயங்குகிறது. படம் வந்து ஆறு ஆண்டுகளில், 1941 டிசம்பரில், ஜப்பானிய விமானங்கள் உண்மையாகவே ரங்கூனின் வானில் தோன்றின, குண்டுகளோடு. இலட்சக்கணக்கான இந்தியர் நகரையும் நாட்டையும் விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காத ஏழைகள் மலையும் காடும் கடந்து அசாமை நோக்கி நடந்தனர். பசியிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். அகதி என்ற சொல் நமது தலைமுறைக்கு வந்து சேருமுன் அதைச் சுமந்த தமிழர்கள் அவர்கள்.

நியீ பு நெடுநாள் வாழ்ந்தார். ஆங்கில ஆட்சி, ஜப்பானிய ஆட்சி, விடுதலை, 1962க்குப் பின் இராணுவ ஆட்சி அனைத்தையும் கண்டு, 1996இல் மறைந்தார். அவரை நடிகராக்கிய முதற் படத்தின் பிரதி எஞ்சவில்லை. நடராச முதலியாரின் 'கீசகவதம்', தமிழகத்தின் முதல் கதைப்படம், அதற்கும் அதே கதிதான். இன்று கிடைக்கும் பர்மியப் படங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது, அவருடைய தம்பி தின் மவுங் 1934இல் இயக்கிய மௌனப்படம் 'மரகதக் காடு'. இத்தாலியின் பொலோனாவில் அது சீரமைக்கப்பட்டு, 2016இல் யாங்கூன் மக்களின் முன் மீண்டும் திரையில் ஓடியது.