சேத்தியாத்தோப்பு வளையலும் சியாம் ஊஞ்சலும்

சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் நான்கு டஜன். பச்சையும் சிவப்புமாகப் பிரித்து, பழைய பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் என் மனைவி. பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்பது அவள் சொன்ன காரணம். உடைந்த வளையலோடு மகளின் முன் நிற்கக் கூடாது என்பது அவள் சொல்லாத காரணம்.

பாங்காக்கில் வாழும் எங்கள் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு கருக்கள் தங்காமல் போயிருந்தன. இம்முறை படுக்கையை விட்டு அதிகம் எழக் கூடாது, விமானப் பயணம் அறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாய்வீட்டுக்கு வந்து வளையல் பூட்டிக்கொள்ள வேண்டியவளைத் தேடித் தாய்வீடு புறப்பட்டுப் போயிற்று. மார்கழியில் வளைகாப்பு செய்வதில்லை. தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் வளையல்களை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் தீர்மானம்.

“அந்த ஊரில் மாரியம்மனுக்கு எங்கே போவது?” என்று ஊரிலேயே கேட்டேன். நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். சென்னையைத் தாண்டி அதிகம் போனதில்லை. தொலைபேசியில் மருமகன்தான் பதில் சொன்னார்: “அம்மன் இங்கே நமக்கு முன்பே வந்துவிட்டாள், மாமா.”

இரவில் போய் இறங்கினோம். மறுநாள் காலை மருமகன் அலுவலகம் போயாக வேண்டும். மகளால் வெளியே வர இயலாது. ஒரு தாளில் தாய்லாந்து மொழியில் இரண்டு இடங்களின் பெயர்களை எழுதிக் கொடுத்து, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். ஆகாயத்தில் ஓடும் அந்த மின்ரயிலில் ஏறி, நேர் எதிர்த் திசையில் நான்கு நிலையங்கள் போய்விட்டோம். தாளைக் காட்டியதும் சீருடை அணிந்த ஒரு பெண் எங்களை மறுபக்க நடைமேடை வரை அழைத்துச் சென்று வண்டியில் ஏற்றிவிட்டாள். கைகூப்பி விடைபெற்றாள். மொழி தெரியாத ஊரில் கும்பிடு மட்டும் பொதுவாக இருந்தது.

இறங்கிய நிலையத்தின் பெயர் சுரசாக். அது நம்முடைய ‘சுர சக்தி’தான், ஓசை மட்டும் அவர்கள் நாவில் தேய்ந்திருக்கிறது என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தார். அங்கிருந்து சிறிது நடந்தால் சீலோம் சாலை. வங்கிகளும் உணவகங்களும் நெருக்கியடிக்கும் அந்தச் சாலையில், பான் சாலை பிரியும் முனையில், வண்ண வண்ணச் சுதைச் சிற்பங்களோடு ஒரு கோபுரம். என் மனைவி நடைபாதையிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1879ஆம் ஆண்டில் வைத்தி படையாட்சி என்ற தமிழர் முன்னின்று எழுப்பியது. படையாட்சி என்ற பெயரைக் கேட்டால் எங்கள் தென்னார்க்காட்டுக்காரர்களுக்குக் காது நிமிரும். எங்கள் தெருவிலேயே எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பட்டம் உண்டு. அவர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினாரோ, பிழைக்க வந்த இடத்தில் தமக்கு வீடு கட்டியதோடு நின்றுவிடாமல் ஆத்தாளுக்கும் ஓர் இடம் தேடியிருக்கிறார். உள்ளூர் மக்கள் இக்கோயிலை ‘வாட் கேக்’ என்கிறார்கள். ‘கேக்’ என்ற சொல் இந்தியர் முதலான அயலாரைக் குறிக்கும். விருந்தாளி என்றும் அதற்குப் பொருள் உண்டு. விருந்தாளிகளின் கோயில்! அம்மனை அவர்கள் ‘உமாதேவித் தாய்’ என்று அழைக்கிறார்கள்.

வாசலில் செவ்வந்தி மாலை, தாமரை மொட்டு, தேங்காய், வாழைப்பழம், எண்ணெய் எல்லாம் அடுக்கிய தட்டுகள் விற்கிறார்கள். உள்ளே நுழைந்தபோது எனக்குப் பெரிய வியப்பு. கூட்டத்தில் நம்மவர் சிலரே. மற்றவர்கள் எல்லாம் தாய்லாந்து மக்களும் சீனர்களும். அலுவலகத்துக்குப் போகும் வழியில் வந்த இளைஞர்கள் முழந்தாளிட்டுக் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். பிள்ளையாரும் முருகனும் உண்டு. புத்தர் திருமேனிக்கும் இடம் உண்டு. நவராத்திரி முடிந்து விஜயதசமி இரவில் அம்மன் புறப்பாடு வரும்போது சீலோம் சாலையில் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்களாம்.

சந்நிதியில் தமிழ்க் குரல் கேட்டது. அர்ச்சகர் எங்கள் முகத்தைப் பார்த்ததும், “எந்த ஊரம்மா?” என்றார். “சேத்தியாத்தோப்பு. சிதம்பரத்துக்குப் பக்கம்.” அதற்குமேல் என் மனைவியால் பேச முடியவில்லை. துணிச்சுருளைப் பிரித்து நீட்டினாள். மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் நான்தான் சொன்னேன். வளையல்கள் அம்மன் பாதத்துக்குப் போயின.

அர்ச்சனை நடந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற தாய்லாந்துப் பெண்ணொருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், வளையல்களைக் காட்டிக் கையசைவால் என்னவென்று கேட்டாள். என் மனைவி இரு கைகளையும் சேர்த்துக் குழந்தையை ஏந்துவதுபோல் ஆட்டிக் காட்டினாள். அந்தப் பெண் தன் வயிற்றில் கை வைத்து, ‘இல்லை’ என்பதுபோல் தலையசைத்து, அம்மனை நோக்கிக் கும்பிட்டாள். பிறகு இருவரும் சிறிது நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் அங்கே வேண்டாதவனாகி, முருகன் சந்நிதிப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

இரண்டாவது பெயர் தேவஸ்தான். வாடகைக் காரில் போனோம். வழியில் ஒரு கடைத்தெரு முழுவதும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொன்னிறப் புத்தர்கள் நடைபாதையில் வரிசையாக அமர்ந்து வாங்குவோருக்காகக் காத்திருந்தார்கள். அதையடுத்து, சாலை நடுவே, இரண்டு பெரும் செந்நிறத் தூண்களும் மேலே ஒரு குறுக்குவிட்டமும் வானத்தில் எழுந்து நின்றன.

“ஏங்க, இது என்ன வாசல்? சுவரையே காணோமே?”

வாசல் அன்று, ஊஞ்சல். 1784இல், பாங்காக் தலைநகரான சில ஆண்டுகளுக்குள், முதலாம் இராமன் என்னும் மன்னர் அருகிலுள்ள பிராமணர் கோயிலையும் இந்த ஊஞ்சலையும் அமைத்தார். சிவபெருமான் ஆண்டுக்கொரு முறை மண்ணுலகுக்கு எழுந்தருளிப் பத்து நாள் தங்குகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவரை வரவேற்க ஆடவர்கள் பலகையில் நின்று உயர உயர ஆடி, மூங்கிலில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். விழுந்து மாண்டோரும் உண்டு. 1935இல் ஆட்டம் நின்றது. இப்போது பலகை இல்லை. 2007இல் புதிய தேக்கு மரங்களால் நிறுத்திய சட்டம் மட்டும் நிற்கிறது.

ஊஞ்சலாட்டம் நின்றதே தவிர விழா நிற்கவில்லை. அதன் பெயர்தான் நம்மை உலுக்குவது: ‘திரியெம்பாவாய் திரிபாவாய்’. ஆம், நம் திருவெம்பாவையும் திருப்பாவையும். காஞ்சிப் பெரியவர் தம் அருளுரைகளில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். குடுமி வைத்து வெண்ணிற ஆடை அணிந்த அரசவைப் பிராமணர்கள், மார்கழி தை மாதங்களையொட்டி வரும் அந்நாட்களில், பழைய சுவடிகளில் கிரந்த எழுத்தின் வழிவந்த வடிவத்தில் தங்கிவிட்ட தமிழ்த் திருமுறைப் பாடல்களை ஓதுகிறார்கள். பொருள் மறந்துவிட்டது; ஒலியும் திரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. விழாவின் முடிவில் இறைவன் திருமேனியை அன்ன வடிவ ஊசலில் வைத்துத் தாலாட்டி வழியனுப்புகிறார்கள். திருவாசகத்தில் திருப்பொன்னூசல் என்றொரு பகுதி இருப்பது அன்பர்களுக்கு நினைவுக்கு வரும்.

வெண்சுவருக்குள் மூன்று சந்நிதிகள்: சிவன், விநாயகர், நாராயணன். நாங்கள் போன வேளையில் முற்றத்தில் எவரும் இல்லை. தில்லையில் மார்கழித் திருவிழாவில் மாணிக்கவாசகரை எழுந்தருளச் செய்து திருவெம்பாவை பாடுவார்கள். அதுவும் பத்து நாள். எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அங்கே போய்விடலாம், ஆண்டுதோறும் போவோம். அந்த ஆண்டு போகவில்லை. அந்தக் குறையை என் மனைவி விமானம் ஏறும்போதே சொல்லியிருந்தாள். முற்றத்து நிழலில் அமர்ந்து, வாய்க்குள்ளேயே, இருபது பாடல்களையும் பாடி முடித்தாள். நடுவில் ஒன்று மறந்தபோது நான் அடியெடுத்துக் கொடுத்தேன்.

வீடு திரும்பியபோது மாலையாகிவிட்டது. மகள் கட்டிலில் சாய்ந்தபடியே துணிச்சுருளைப் பிரித்தாள். குங்குமம் ஒட்டியிருந்த வளையல்களை எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினாள்.

“அம்மா, இரண்டு குறைகிறதே? உடைந்துவிட்டதா?”

“உடையவில்லை. ஒருத்திக்குக் கொடுத்தேன்.”

மகள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வளையல்களை மீண்டும் சுற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தை பிறக்க இன்னும் பதினொரு நாள் இருந்தது.