தருமபுரி நடுகற்களும் பொதுமக்கள் பங்கேற்பும்

போரிலோ, ஆநிரை மீட்கும் பூசலிலோ உயிர்நீத்த வீரர்களின் நினைவாக நடப்படும் கல் நடுகல் எனப்படும். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் தருமபுரி மாவட்டமும் ஒன்று. தொழில்முறை ஆய்வாளர் அல்லாதோர் ஆய்வுக்குத் தரவு திரட்டித் தருவது குடிமக்கள் அறிவியல் எனப்படுகிறது. நடுகல் ஆய்வு அதற்கு ஏற்ற களமாகும்.

பின்னணி

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவனுக்கு நடப்பட்ட நடுகல்லை, ஔவையார் பாடிய புறநானூற்று 232-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. பல்லவர் கால நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், ஊர், இறந்த சூழல் ஆகியவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அண்டை மாவட்டமான திருவண்ணாமலையின் எடுத்தனூர் நடுகல், வீரனுடன் நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. பெருங்கோயில் கல்வெட்டுகளில் அரிதாகவே இடம்பெறும் சிற்றூர் வாழ்க்கையை இக்கற்களில் காணலாம்.

ஊர்மக்களின் பங்கு

இம்மாவட்டத்தில் நடுகற்கள் பல இடங்களில் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. அவ்வழிபாடே பல கற்களைக் காப்பாற்றியுள்ளது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் வண்ணப்பூச்சும் எழுத்துகளை மறைத்துவிடுவதுண்டு. வழிபாடு நின்றுபோன கற்கள் வரப்பிலும் புதரிலும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. அவை இருக்கும் இடத்தை முதலில் அறிந்தவர்கள் உழவர்களும் ஆடுமாடு மேய்ப்பவர்களுமே.

பதிவு செய்யும் முறை

1. கல்லை இடம் மாற்றக்கூடாது. அது நிற்கும் இடமும் நோக்கும் திசையும் வரலாற்றுச் சான்றுகளே.
2. ஊர், வட்டம், கல்லின் உயரம், அகலம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.
3. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில், அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். அப்போது தேய்ந்த எழுத்துகளும் நிழலால் தெரியும்.
4. ஊரார் வழங்கும் பெயரையும் கதையையும் அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும்.
5. சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் வரைவதோ, அமிலம் ஊற்றித் தேய்ப்பதோ கூடாது.
6. கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். எழுத்துகளைப் படிப்பதும் மைப்படி எடுப்பதும் பயிற்சி பெற்றோர் பணி.

மின்னணுப் பதிவு

பெங்களூரின் ஹெப்பால் பகுதியில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று 2018-இல் கவனத்துக்கு வந்தபோது, குடிமக்களே முன்வந்து அதற்கு மண்டபம் அமைத்தனர். பின்னர் அந்நகரின் மிதிக் சொசைட்டி, கல்வெட்டுகளை முப்பரிமாண மின்படிவங்களாக்கும் பணியை மேற்கொண்டது. கல் சிதைந்தாலும் அதன் எழுத்து நிலைக்க இம்முறை உதவுகிறது.

கவனிக்க வேண்டியவை

சரிபார்க்கப்படாத வாசிப்பு இணையத்தில் விரைவில் பரவிவிடும். பாதுகாப்பற்ற கல்லின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் இடுவது திருட்டுக்கு வழிவகுக்கலாம். அதைத் துறையினருக்கு மட்டும் அளிப்பது நன்று. தகவல் தந்த ஊராரின் பங்களிப்பை, அவர்களின் இசைவுடன், பதிவில் குறிப்பிடுவது முறையாகும்.