ஓலைத் திருமுகமும் பொன்னெழுத்து அழைப்பிதழும்

ஒருவர் பிறரைத் தம் இல்லத்துக்கு அழைக்கும் முறையிலே அவரது பண்பாடு புலப்படும். வெற்றிலை பாக்கு வைத்து, நேரிற் சென்று, உறவுமுறை சொல்லி அழைத்தல் தமிழர் வழக்கு. சிங்கள மக்களும் வெற்றிலைக் கட்டினைக் கையளித்தே பெரியோரையும் பிக்குமாரையும் அழைப்பர். இவ்விரு வழக்குகளும் அருகருகே வாழும் ஊர் கண்டி மாநகர். அங்கு அவ்வெற்றிலையோடு இன்று உடன்செல்வது அச்சிட்ட அழைப்பிதழ். மஞ்சள் தடவிய எளிய தாளாக இருந்த அது, பொன்னெழுத்தும் புடைப்புச் சித்திரமும் பட்டுநூற் கட்டும் தாங்கிய அலங்காரப் பொருளாக இந்நாளில் வளர்ந்துள்ளது. அதன் சிறப்பு விலையினால் வருவதா, வேலைப்பாட்டினால் வருவதா, அன்றி அழைக்கப்படுவோர்பால் அது காட்டும் மதிப்பினால் வருவதா என்பது ஆராயத்தக்க வினாவாகும். இவ்வினாவுக்கு விடைகாணக் கண்டியின் வரலாறே பெருந்துணை புரிகின்றது.

தாள் வருமுன்னர்க் கண்டி நாட்டின் எழுதுபொருள் தாளிப்பனை ஓலையே. 1660ஆம் ஆண்டு தொடக்கம் 1679ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே இம்மரத்தைச் சிறப்பித்துக் கூறுகின்றார். இதன் ஓர் இலை 15 அல்லது 20 பேரை மழையில் நனையாது காக்கவல்லது என்பது அவர் கூற்று. வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பின் பட்டுப்போகும் இம்மரத்தைப் பேராதனைப் பூங்காவிலே இன்றும் காணலாம். இதன் விரியாத இளங்குருத்தை எடுத்து, நரம்பு நீக்கி, சுருட்டி அவித்து, வெயிலில் உலர்த்தி, வழுவழுப்பான கமுகந்தண்டின்மீது முன்னும் பின்னுமாக இழுத்து மெருகேற்றுவர். இவ்வாறு பக்குவப்படுத்திய ஏடு பல நூற்றாண்டுகள் நின்று நிலைக்கும்.

எழுதும் முறையோ இன்னும் நுட்பமானது. எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலிற் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றாது. கரித்தூளைக் குங்கிலிய எண்ணெயிற் குழைத்து ஏடு முழுவதும் பூசியபின், தவிடு இட்டுத் துடைத்தால், மேற்பரப்பிலுள்ள மை நீங்கிக் கீறலினுள் நின்ற மை மட்டும் எஞ்சும். எழுத்துக் கருமையாக ஒளிவிடும். பள்ளத்தில் மையை நிறுத்தி மேட்டைத் துடைத்தல் என்னும் இக்கொள்கை மனங்கொள்ளத்தக்கது. ஐரோப்பிய நாடுகளின் உயர்தர அழைப்பிதழ்களுக்கு உரிய செப்புத்தகட்டுச் செதுக்கு அச்சின் உயிர்நிலையும் இதுவேயாகும்.

ஏட்டுச் சுவடிகளுக்கு மேலும் கீழும் இட்ட மரப்பலகைகளிலே கண்டிச் சித்திரக்காரர் கொடிப்பின்னல்களும் தாமரைகளும் தீட்டினர். அரசர் வழங்கிய செப்புப் பட்டயங்களின் தலைப்பிலே ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து மன்னனின் கையொப்பமாக நின்றது. சில பட்டயங்களில் அவ்வெழுத்துப் பொன்னாலோ வெள்ளியாலோ பதிக்கப்பெற்றது. பட்டயம் முழுவதையும் பொன்னால் நிரப்பவில்லை என்பது கவனிக்கற்பாலது. மதிப்புக்குரிய ஓர் எழுத்துக்கு மட்டும் பொன். ஏனையவற்றுக்குத் தெளிவான செதுக்கு. அலங்காரத்தின் அளவறிந்த பண்பு இதுவாகும்.

இப்பண்பினை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர் மகன். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்திற் கல்விகற்று, 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். கற்களை ஆராய ஊரூராகச் சென்ற அவர், மலைநாட்டுக் கைவினைஞரின் தொழில்கள் அழிந்துவருதலைக் கண்டு வருந்தினார். கண்டிப் பிரதானிகளுக்கு 1905ஆம் ஆண்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களையும் கலைகளையும் பேணுமாறு வேண்டினார். அவர் தேடித் தொகுத்தவை யாவும் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலாக 1908ஆம் ஆண்டு வெளிவந்தன.

அந்நூல் அச்சான வரலாறு அச்சுக்கலை பயில்வோர் அனைவரும் அறியவேண்டியதொன்று. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் என்னும் கலைஞர், பொறிகளின் வேகத்தால் நூல்களின் அழகு கெட்டதென்று கருதி, 1891ஆம் ஆண்டு கெல்ம்ஸ்கொட் என்னும் பெயரால் ஒரு கை அச்சகம் நிறுவினார். அவர் 1896ஆம் ஆண்டு மறைந்தபின் அதன் அச்சுப்பொறிகள் ஆஷ்பி என்பவரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தை அடைந்தன. அவ்வச்சகம் 1907ஆம் ஆண்டிலே குமாரசுவாமியின் பொறுப்பில் வந்தது. புரோட் கம்டன் என்னும் சிற்றூரிலே, பழைய நோர்மன் தேவாலயக் கட்டடமாயிருந்த தம் இல்லத்தில், அவர் தம் நூலைத் தாமே மேற்பார்வை செய்து கையாலேயே அச்சிடுவித்தார். 1907ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் 1908ஆம் ஆண்டு டிசெம்பர் வரை 15 மாதங்கள் சென்றன. அச்சிட்ட பிரதிகள் 425 மட்டுமே. கண்டிக் கைவினைஞரின் பெருமையைப் பேசும் நூல் தானும் ஒரு கைவினைப்பொருளாகவே பிறத்தல் தகும் என்பது இச்செயலால் விளங்குகின்றது. சொல்லும் பொருளும் அச்சும் தாளும் ஒன்றையொன்று மறுக்காமை அதன் சிறப்பு.

இவ்வளவுகோலைக் கைக்கொண்டு, இற்றை அழைப்பிதழ்களிற் பயிலும் அச்சுமுறைகளை நோக்குதல் நன்று. முதலாவது மேட்டெழுத்து அச்சு. ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகியவற்றைக் கலந்து வார்த்த எழுத்துக்களின் மேட்டிலே மை தடவித் தாளை அழுத்துவது இது. முற்காலத் தொழிலாளர், தாளிற் பள்ளம் விழாது மை மட்டும் பதியுமாறு மெல்ல அழுத்துதலையே திறமையெனக் கொண்டனர். இக்காலத்தார் அப்பள்ளத்தையே விரும்பி, தடித்த பஞ்சுத்தாளில் எழுத்துக் குழிந்து நிற்குமாறு அச்சிடுவிக்கின்றனர். ஈய எழுத்துக்கள் அருகியமையால், கணினியில் அமைத்த எழுத்தைப் பொலிமர் தகட்டில் எடுத்து இவ்வேலையைச் செய்வர்.

இரண்டாவது முன்னர்க் கூறிய செதுக்கு அச்சு. செப்புத் தகட்டிற் செதுக்கிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, பேரழுத்தத்தோடு தாளைப் பதிப்பர். மை மேலெழுந்து நிற்கும். தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் மெல்லிய குழிவு தட்டுப்படும். இதற்குச் செலவு மிகுதி. ஆதலால் இதைப் போலியாகச் செய்யும் ஒரு முறையும் எழுந்தது. ஈரமான மையின்மீது பிசின்தூளைத் தூவி வெப்பமூட்டினால், தூள் உருகிப் பொங்கி எழுத்து மேலெழுந்ததுபோலத் தோன்றும். பின்புறக் குழிவு இல்லாமையே இதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

மூன்றாவது பொற்றாள் பதிப்பு. உண்மைப் பொன் இதிற் பெரும்பாலும் இல்லை. மெல்லிய பிளாஸ்ரிக் நாடாவிற் படிந்த அலுமினியப் படலத்துக்குப் பொன்னிறம் ஊட்டியிருப்பர். சூடேற்றிய உலோக அச்சு அந்நாடாவை அழுத்தும்போது படலம் பிரிந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். மையின்றி இரு அச்சுக்களிடையே தாளை நெருக்கிப் பிள்ளையார் உருவையோ குத்துவிளக்கையோ மேலெழச் செய்வது புடைப்பு அச்சு. துணிமீதும் தடித்த அட்டைமீதும் அடர்ந்த நிறம் இடுவது திரை அச்சு. லேசர் ஒளிக்கதிரால் தாளைச் சரிகைபோல வெட்டுவது அண்மைக்கால வரவு.

இம்முறைகள் யாவும் உரோம எழுத்துக்களை மனத்திற்கொண்டு வளர்ந்தவை. தமிழெழுத்துக்கு இவற்றை ஆளும்போது தனிக் கவனம் வேண்டும். ண, ஞ, ஊ போன்ற எழுத்துக்களின் சிறு சுழிகள் பொற்றாட் பதிப்பில் அடைபட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறிதாயின் தாளில் ஒட்டாது உதிரும். புள்ளி உதிர்ந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். மணமக்கள் பெயரிலே இப்பிழை நேருமாயின், எத்துணை விலையுயர்ந்த தாளும் அதனை ஈடுசெய்யாது. எழுத்தின் பருமனைக் கூட்டி, மெல்லிய கோடுகளைத் தடிப்பித்து, பொற்றாளைப் பிள்ளையார் சுழிக்கும் பெயர்களுக்கும் மட்டும் பயன்படுத்தி, ஏனைய வாசகத்தை வெறும் மையால் அச்சிடுதலே தக்கது. செப்புப் பட்டயத்தின் ‘ஸ்ரீ’ கற்பித்த பாடமும் இதுவே.

தாளைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். சாதாரண எழுதுதாள் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 80 கிராம் நிறையுடையது. உயர்தர அழைப்பிதழ் அட்டைகள் 300 கிராமையும் கடந்து நிற்கும். ஆழ்ந்த அழுத்தத்தைத் தாங்கப் பஞ்சுநாரினாலான மென்தாளே ஏற்றது. கண்டிக்குச் செல்லும் வழியிலுள்ள கேகாலைப் பகுதியிலே இன்னொரு தாளும் பிறக்கின்றது. யானை தான் உண்பதிற் பாதியளவையே செரிக்கின்றது. எஞ்சிய நார் சாணத்தோடு வெளிவருகின்றது. அந்நாரைக் கழுவி, நெடுநேரம் அவித்துக் கிருமி நீக்கி, பழந்தாட் கூழுடன் கலந்து, சட்டத்திலே வார்த்து உலர்த்தினால், சொரசொரப்பும் இயற்கை நிறமும் கொண்ட கைத்தாள் கிடைக்கும். பயிரழிக்கும் பகையாக யானையைக் கருதிய நாட்டுப்புற மக்களுக்கு அதன் கழிவே ஊதியம் தரும்போது, பகை சற்றே தணிய வழியுண்டு. அழைப்பிதழுக்கும் கடிதவுறைக்கும் இத்தாள் பொருத்தமானதே. எனினும் இதன் நார்முனைகள் சிறு எழுத்தைச் சிதைக்குமாதலின், பெரிய எழுத்தும் குறைந்த வாசகமும் இதற்கு உரியன.

இத்துணை வசதிகள் பெருகிய காலத்திலே ஒரு பெருங்குறையும் நேர்ந்துள்ளது. முற்காலத்து அச்சுக்கோப்பாளர் கைத்தொழிலாளர் மட்டும் அல்லர். அவர் மொழிக்குக் காவலரும் ஆவர். எழுத்துப் பெட்டியின் ஒவ்வோர் அறையையும் கண்மூடியும் அறிந்த அவர், ஒற்று மிகும் இடத்தையும் லகர ளகர ழகர வேறுபாட்டையும் விரல்நுனியில் வைத்திருந்தார். வாடிக்கையாளர் எழுதிவந்த பிழை அவர் கைபட்டுத் திருந்தியது. பொறி மாறியபோது ஈய எழுத்துக்கள் உருக்கப்பட்டன. அவ்வறிவைப் பெற்று வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார் சிலரே. கணினி வார்ப்புருக்களிலே பெயரை மட்டும் மாற்றி எடுக்கும் அழைப்பிதழ்களில், பொன் மின்னுகின்றது, தமிழ் தள்ளாடுகின்றது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே அழைப்பிதழில் இடம்பெறுதல் இயல்பான கண்டி போன்ற நகரிலே இக்குறை இன்னும் வெளிப்படையாகத் தோன்றும்.

அழைப்பிதழ் செல்வத்தின் அறிவிப்பாக மாறுதலும் கேடானதே. ஒரு குடும்பம் பொன்னட்டை அச்சிட்டால் அயற்குடும்பம் கடன்பட்டேனும் அதனைப் பின்பற்ற முயலும். சிறப்பு அச்சுமுறைகளைப் பழிப்பதற்கு இது காரணமாகாது. அவற்றை அளவறிந்து ஆளவேண்டும் என்பதற்கே காரணமாகும். நல்ல தாள், தெளிந்த எழுத்து, பிழையற்ற வாசகம், ஓரிடத்தில் மட்டும் ஓர் அணி ஆகிய நான்கும் அமைந்தால் எளிய அழைப்பிதழும் உயர்ந்ததாகும்.

கல்லூரிகள் இத்துறையில் ஆற்றக்கூடிய பணி உண்டு. கைவிடப்பட்ட கை அச்சுப்பொறி ஒன்றையும் ஒரு தொகுதித் தமிழெழுத்துக்களையும் தேடிப் பெற்று, பரிசளிப்பு விழாவுக்கும் கலைவிழாவுக்கும் உரிய அழைப்பிதழ்களை மாணவரே கோத்து அச்சிடப் பயிற்றலாம். ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து வைக்கும் மாணவன் எழுத்துப்பிழையின் விலையை அறிவான். ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவரை ஆசிரியராக அழைத்தால், அவரோடு மறையவிருக்கும் கல்வி இன்னொரு தலைமுறைக்கு எஞ்சும். அவரை அழைக்க அச்சிட்ட இதழும் வேண்டுவதில்லை. வெற்றிலையோடு நேரிற் சென்று அழைத்தலே போதும்.