ஈஸ்ட்டுக்கும் பசிக்கும்

“அண்ணே, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க” என்று குடுவையின் மூடியைத் திறந்தார் ஈசூனில் இருக்கும் அந்தத் தம்பி. அழுகிய முட்டை வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே இருந்தது 5 லிட்டர் தேன் மது. ஒன்றரைக் கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பொட்டலம் ஈஸ்ட் தூவி வைத்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் மூன்று நாள் குமிழி குமிழியாகப் பொங்கியதாம். பிறகு நின்றுவிட்டது.

“ஊத்தித் தொலைடா. வீடே சாக்கடை மாதிரி நாறுது” என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

தம்பி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கடலோர மணலில் படர்ந்து கிடக்கும், தடித்த இலையும் சிறு இளஞ்சிவப்புப் பூவும் உள்ள ஒரு செடி. மலாய்க்காரர்கள் கெலாங் லாவுட் என்பார்கள். இதைப் பறித்து அரைத்து ஊற்றினால் ஈஸ்ட்டுக்கு இயற்கைச் சத்து கிடைக்கும், நின்றுபோன நொதித்தல் மறுபடி தொடங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செம்பவாங் பக்கம் போய்ப் பறித்து வரலாமா என்பது அவர் கேள்வி.

நோய் என்ன என்பதில் சொன்னவருக்குத் தவறு இல்லை. ஈஸ்ட் பசியில் கிடக்கிறது. தேனில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரைதான்; நைட்ரஜன் மிகக் குறைவு. சர்க்கரை ஈஸ்ட்டுக்குச் சோறு என்றால் நைட்ரஜன் பருப்பு. அது இல்லாமல் உடம்பு வளராது, பெருகாது. நன்றாக நொதிக்க, ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வேண்டும். தேன் கரைசலில் பெரும்பாலும் 50கூடத் தேறாது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும்; முட்டை நாற்றம் அதுதான். பார்லியில் காய்ச்சும் பீருக்கு இந்தத் தொல்லை அதிகம் கிடையாது. முளைகட்டிய தானியத்திலேயே அமினோ அமிலங்கள் நிறைய இருக்கின்றன.

மருந்தில்தான் கோளாறு. இலையில் நைட்ரஜன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அது எந்த உருவில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பகுதி புரதம். நாம் மது செய்யப் பயன்படுத்தும் ஈஸ்ட்டுக்குப் புரதத்தை உடைத்துத் தின்னத் தெரியாது. இன்னொரு பகுதி நைட்ரேட். அதையும் இந்த ஈஸ்ட் தொடாது. மூன்றாவதுதான் வேடிக்கை. உப்பு நிலத்தில் வளரும் செடிகள் உப்பைச் சமாளிக்க புரோலின், பீட்டெய்ன் போன்ற பொருள்களைத் தம் இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. புரோலினைப் பயன்படுத்த ஈஸ்ட்டுக்கு உயிர்வாயு வேண்டும். மூடிய குடுவைக்குள் அது ஏது? பீட்டெய்னும் அதற்கு உணவாகாது. ஆக, கடலோரச் செடி தன் பிழைப்புக்காகச் சேர்த்த சொத்து ஈஸ்ட்டுக்குச் செல்லாத காசு.

அத்தனையும் உதவும் என்றே வைத்துக்கொண்டாலும் 5 லிட்டருக்கு அரைக் கிலோ பச்சை இலை தேவைப்படும். ஓர் இலையை வாயில் போட்டாலே உப்புக் கரிக்கும். அரைக் கிலோ போட்டால் தேன் மது கஞ்சித் தண்ணீர்போல் ஆகிவிடும். தமிழகக் கடலோரத்தில் உமிரிக் கீரை சமைப்பவர்களுக்கு இது தெரியும். வேகவைத்து, தண்ணீரை வடித்துப் பிழிந்த பிறகுதான் தாளிப்பார்கள். ஆனால் அப்படி வடித்தால் உப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையும் கொஞ்சநஞ்ச அமினோ அமிலமும் போய்விடும். உப்பு போக வேண்டும், சத்து நிற்க வேண்டும் என்றால் நடக்காது.

இன்னொன்றும் உண்டு. இந்தச் செடி மண்ணிலுள்ள காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சக்கூடியது. மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்றே ஆராய்ந்திருக்கிறார்கள். மேலும், சிங்கப்பூரில் பூங்காக்களிலும் அரசு நிலத்திலும் அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றம்.

கடலோரத்தில் ஈஸ்ட்டுக்கு உகந்த செடியே இல்லையா என்றால், இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தென்னை. அதன் பாளையிலிருந்து வடியும் சாற்றில் சர்க்கரையும் இருக்கிறது, அமினோ அமிலமும் இருக்கிறது. அதனால்தான் யாரும் எதுவும் சேர்க்காமலே கலயத்தில் ஒட்டிய ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடுகிறது. சதுப்பு நிலத்து நீப்பா பனையின் சாறும் அப்படியே நுரைத்துப் புளிக்கும்.

கள் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா கூடத்துக்கே வந்துவிட்டார். “எங்க தாத்தா சம்பளம் பூரா தோட்டத்துக் கள்ளுக்கடையிலதான் போச்சு. பாட்டி பட்ட பாடு எனக்குத் தெரியும்.” அவர் கோபம் ஒரு குடும்பத்தின் கோபம் மட்டுமல்ல. 1947இல் கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது அந்த வேதனையால்தான். பொழுதுபோக்காக மது காய்ச்சும் தலைமுறைக்கு இது பழங்கதையாக இருக்கலாம். அந்த வீட்டில் அப்படி இல்லை. தம்பி பதில் பேசவில்லை.

சட்டத்தைக் கேட்டால், சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமமின்றி நொதிக்க வைக்கலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. இந்த விதி பாலத்துக்கு அந்தப் பக்கம் பொருந்தாது. மலேசியாவில் இருப்பவர்கள் அங்குள்ள கலால் விதிகளைக் கேட்டறிந்த பிறகே தொட வேண்டும்.

சரி, குடுவைக்கு வருவோம். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டோம். தொடக்கத்தில் 1.090 இருந்தது இப்போது 1.050. அதாவது மதுச்சத்து சுமார் 5 விழுக்காடு. இன்னும் ஊட்டம் கொடுக்கலாம். 9 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் ஈஸ்ட் இந்த ஊட்டத்தை ஏற்காது. உணவுத் தரமுள்ள டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற உப்பை மதுப்பொருள் கடையில் வாங்கலாம். செடிக்குப் போடும் உரத்திலும் இதே பெயர் இருக்கும், அதைத் தொடவே கூடாது. லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் ஏறத்தாழ 210 மில்லிகிராம் நைட்ரஜன் கூடும். நாங்கள் அதில் பாதியாக, மொத்தம் இரண்டரை கிராம் போட்டோம். பொடியாகத் தூவினால் கரைந்திருக்கும் வாயு சீறி நுரை கூரைக்குப் போகும். முதலில் கொஞ்சம் நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் இதை முதல் மூன்று நாள்களில் சிறிது சிறிதாகக் கொடுத்திருந்தால் இந்த நாற்றமே வந்திருக்காது. கைப்பிடி உலர்திராட்சை போடும் வழக்கமும் உண்டு. அதில் சுவை வருமே தவிர நைட்ரஜன் பெரிதாக வராது. ரொட்டி ஈஸ்ட்டைக் கொதிக்க வைத்து ஊற்றுவது அதைவிட மேல்.

வெப்பமும் ஒரு காரணம். பெரும்பாலான மது ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி சுகம். நம் வீட்டுக் கூடம் 30. குடுவையை நீர் நிரம்பிய வாளியில் வைத்து, ஈரத்துண்டைச் சுற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட்டோம். அளவு இறங்குவது முழுதாக நிற்கும்வரை கண்ணாடிப் புட்டியில் அடைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். புட்டி வெடித்தால் கண்ணாடிச் சில்லு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான்கு நாள் கழித்து அழைத்தார். குமிழி வருகிறதாம், வாடையும் குறைந்துவிட்டதாம். வாளி மட்டும் இடம் மாறியிருக்கிறது. சாமி மேடைக்கு எதிரே வைக்கக் கூடாது என்று அம்மா சொல்ல, இப்போது அது அவர் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கிறது.