பேய் குடியேறாத பள்ளங்கள்

ஊருக்கு ஊர் பிள்ளைகள் தனியாகக் கடந்துபோக அஞ்சும் இடம் ஒன்று உண்டு. பாழுங்கிணறு, ஒற்றைப் புளியமரம், ஆற்று மடு, சுடுகாட்டுப் பாதை என்று ஏதோ ஒன்று. உச்சிவேளையில் அங்கே போனால் முனி அடிக்கும் என்று பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். வளர்ந்தபின் அதை நினைத்துச் சிரிக்கிறோம். சிரிக்கலாம், பேய் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை எங்கே குடிவைத்தார்கள் என்று கொஞ்சம் கவனித்தால், பிள்ளையைக் கிணற்றிலிருந்தும் மடுவிலிருந்தும் தள்ளிவைக்கும் காவல் வேலையை அது பார்த்துவந்தது தெரியும். பேயை ஓட்டிவிட்ட நாம் அந்தக் காவலுக்கு வேறு ஆள் போடவில்லை.

கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்தில் ஓடும் கெடிலம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். தேவநாதசுவாமி கோயிலருகே வடக்கு நோக்கி ஓடுவதால் அங்கே அதைப் புனிதமாகக் கருதுகிறார்கள். ஆனால் அது மழையை நம்பிய ஆறு. வற்றாத ஆற்றின் கரையில் வளரும் பிள்ளை நீச்சலையும் சுழியையும் தானாகவே கற்றுக்கொள்ளும். கெடிலக்கரைப் பிள்ளைக்கோ ஆண்டின் பெரும்பகுதி ஆறு என்பது மணலும் புதரும்தான். வடகிழக்குப் பருவமழையில் தடுப்பணை நிரம்பி வழிந்தால் ஊரே வேடிக்கை பார்க்கத் திரளும். மேலே பார்த்தால் தண்ணீர் எங்கும் ஒரே மட்டம். அணையைத் தாண்டி விழும் நீர் அடியில் குழி பறித்திருக்கும்; மணல் அள்ளிய பள்ளமும் காலை இழுக்கும் சேறும் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்பவருக்கு அடுத்த அடியில் நிலைகொள்ளாது. ஒருவர் அமிழ, அவருக்குக் கைகொடுக்கப் போகிறவரும் அமிழ்வார். 2022 ஜூன் 5 அன்று நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில், இதே கெடிலத்தில், தடுப்பணையருகே குளிக்கப்போன சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். பழைய மடுவுக்கு ஒரு பெயர் இருந்தது, அதைச் சுற்றி ஒரு கதையும் இருந்தது. நேற்று தோண்டிய பள்ளத்துக்கு இரண்டும் இல்லை.

தண்ணீருக்குப் பேயைக் காவல் வைத்தவர்கள் நாம் மட்டுமல்ல. ஜப்பானியர் ஆற்றுக்குள் இழுக்கும் ‘கப்பா’ என்ற பிராணியைச் சொல்லிப் பிள்ளைகளை எச்சரித்தார்கள். இன்றும் அங்கே குளக்கரை எச்சரிக்கைப் பலகைகளில் அதன் படத்தைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஜென்னி கிரீன்டீத் என்ற பச்சைப்பல் கிழவி குட்டைகளில் ஒளிந்திருப்பதாகச் சொன்னார்கள். தாவரவியலாளர் ராய் விக்கரி 1983இல் ‘ஃபோக்லோர்’ இதழில் எழுதிய கட்டுரை, அந்தக் கிழவியை நீரின்மேல் படரும் ஒரு சிறுபாசிச் செடியோடு தொடர்புபடுத்துகிறது. அந்தச் செடி மூடிய குட்டை புல்தரைபோலத் தோன்றும், குழந்தை நம்பிக் காலை வைத்துவிடும். கிழவியின் பல்லுக்குப் பச்சை நிறம் சும்மா வரவில்லை.

இதை வைத்து எல்லாப் பேய்க்கும் அறிவியல் பூசுவது தவறு. புளியமரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அதனால்தான் முன்னோர் பேய் என்றார்கள் என்று ஒரு விளக்கம் வலம்வருகிறது. எல்லா மரமும் இரவில் அதை விடுகிறது. திறந்தவெளியில் அந்த அளவு யாரையும் ஒன்றும் செய்யாது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அச்சக் கதைகள் சாதி எல்லைக்கும் காவல் நின்றன. எந்தத் தெருப்பக்கம் போகக்கூடாது என்பதையும் சேர்த்தே பிள்ளைக்குப் புகட்டின. நாட்டாரியல் ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் காத்தவராயனுடையதும் ஒன்று. அந்த எல்லையை மீறிப் பிராமணப் பெண் ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவேறிய அவன் பிறகு தெய்வமானான். ஆக, ஓர் இடத்தைச் சுற்றியுள்ள அச்சத்துக்குள் ஆபத்தும் இருக்கலாம், அநீதியும் இருக்கலாம். கேள்வி கேட்காத பயம் இரண்டையும் பிரித்தறியாது. இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். பேய்க் கதையை மீட்டுக் கொண்டுவரச் சொல்ல அதனால்தான் மனம் வரவில்லை.

அரசு வேலி போட்டால் போதாதா என்பார்கள். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்தது. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு துளையில்தான் விழுந்தது. 29ஆம் தேதி உடல்தான் கிடைத்தது. உத்தரவு தாளில் இருந்தது, துளை தரையில் திறந்து கிடந்தது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழக் கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்த வயதுக்குப் பலகை படிக்கத் தெரியாது. வேலியும் வேண்டும், வீட்டில் சொல்லும் சொல்லும் வேண்டும். முன்பு முனி என்று சொன்ன இடத்தில் இப்போது உண்மையைச் சொல்லவேண்டும்: இங்கே இத்தனை ஆள் ஆழம், அடியில் சேறு, இன்ன வருடம் இங்கே உயிர் போனது. காரணத்தோடு சொன்னால் குழந்தைக்கும் புரியும். இன்னொரு பிள்ளைக்கு அதைத் தானே சொல்லவும் செய்யும்.

ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடுகிறது, கடலூர்ப் பக்கம் பெருமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால். கெடிலக்கரை ஊர்க்காரர்கள் அன்று ஒன்றைக் கேளுங்கள்: நம் எல்லைக்குள் எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று ஆறு வறண்டிருக்கும்போதே அளந்து, தண்ணீர் வருவதற்குமுன் கம்பம் நட்டு, பள்ளிக்கூடத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள்.